அனைத்துலகச் சட்டம் சோறு போடுமா?



பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திற்குச் சட்டம் பயில வரும் நம் பிள்ளைகள் பலர். இலண்டன் பல்கலைக்கழகச் சட்டப் பட்டத்தை இங்கிருந்தபடியே படித்து, பின்னர் சி.எல்.பி. தேர்வெழுதி வழக்கறிஞர்களாகின்றனர். என் பழைய மாணவி ஒருத்தி, விருப்பப் பாடமாக எதை எடுக்கலாம் என்று அண்மையில் கேட்டாள். பொது அனைத்துலகச் சட்டம் என்றேன். "அது சோறு போடாது டீச்சர். சி.எல்.பி.யில் அந்தப் பாடமே இல்லை" என்றாள்.

உண்மைதான். ஆனால், நம்மவருக்கு ஓர் இடர் வரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுகின்றன. ஒன்று, ஐ.நா.வுக்கு மனு அனுப்பினால் எல்லாம் தீரும் என்பது. மற்றொன்று, ஐ.நா. பல்லில்லாப் பாம்பு என்பது. 2009-இல் ஈழத்தின் துயரைக் கண்டு கலங்கியபோது இவ்விரண்டையும் கேட்டோம். இரண்டுமே இச்சட்டத்தின் அடிப்படையை அறியாததால் எழுபவை என்பது என் கருத்து.

அவ்வடிப்படையைக் கற்க வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் கோலாலம்பூர் வழக்கறிஞர் டத்தோ பரம் குமாரசாமியின் வழக்கே போதும்.

நீதிபதிகள், வழக்கறிஞர்களின் சுதந்திரம் குறித்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக 1994-இல் அவர் நியமிக்கப்பட்டார். 1995-இல் ஓர் அயல்நாட்டு இதழுக்கு அவர் அளித்த பேட்டி, மலேசிய நீதிமன்றங்களைப் பற்றியது. அதற்காக அவர்மீது நான்கு அவதூறு வழக்குகள் தொடுக்கப்பட்டன. கோரப்பட்ட இழப்பீடு மொத்தம் 11 கோடியே 20 இலட்சம் அமெரிக்க டாலர்! ஒரு தனிமனிதரிடம்.

அவர் ஐ.நா. பணியின் நிமித்தமே பேசினார், ஆகவே அவருக்கு விலக்குரிமை உண்டு என்றார் தலைமைச் செயலாளர் கோபி அன்னான். 1997 ஜூனில் நம் உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. தி ஹேக்கிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தை குமாரசாமி தாமே நாட இயலாது. நாடுகள் மட்டுமே அங்கு வழக்காட முடியும். எனவே 1998-இல் ஐ.நா.வின் பொருளாதார, சமூக மன்றம் அந்நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்துக் கேட்டது.

29 ஏப்ரல் 1999 அன்று, 14-க்கு 1 என்ற கணக்கில், அவருக்கு விலக்குரிமை உண்டென நீதிபதிகள் கூறினர். எதன் அடிப்படையில்? ஐ.நா. சலுகைகள், விலக்குரிமைகள் பற்றிய 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் அடிப்படையில். விடுதலை பெற்ற இரண்டு மாதங்களுக்குள், 28 அக்டோபர் 1957-இல், எவ்விதத் தடையுரையுமின்றி நாம் அதில் சேர்ந்திருந்தோம். ஆலோசனைக் கருத்து பொதுவாக எவரையும் கட்டுப்படுத்தாது. ஆயினும், இத்தகைய பிணக்கில் அதுவே முடிவானது என்று அவ்வுடன்படிக்கையே கூறுகிறது. நீதிமன்றம் தனித்தியங்குவது, அரசு என்ன செய்யும் என்ற சமாதானத்திற்கும் அங்கே இடமிருக்கவில்லை. அரசின் எந்த உறுப்பு செய்தாலும் அது அந்நாட்டின் செயலே என்பது நாடுகளிடையே நிலைபெற்ற வழக்காறு. உடன்படிக்கை, வழக்காறு இரண்டுமே இந்த ஒரு வழக்கில் கிடைத்துவிடுகின்றன. பாடநூலில் முதல் சில அதிகாரங்களைப் பிடித்துக்கொள்பவை இவைதாம்.

இருப்பினும், தி ஹேக்கில் கருத்து வெளிவந்த மறுநாளே எல்லாம் முடிந்துவிடவில்லை. 2000-ஆம் ஆண்டில்தான் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அவருடைய விலக்குரிமையை ஏற்றது. அதாவது, தி ஹேக் கூறியதும் நம் ஊர் நீதிமன்றத்தின் வழியாகத்தான் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தது. மனு எழுதுவோரும் பல்லில்லாப் பாம்பென்று ஏளனம் செய்வோரும் இதனைக் கவனிக்க வேண்டும்.

குமாரசாமி 2020 டிசம்பரில் காலமானார். உலகெங்கும் சட்டம் பயில்வோர் அவர் பெயரைத் தாங்கிய இவ்வழக்கைப் படிக்கின்றனர். நம் பிள்ளைகளோ துன் சம்பந்தன் சாலையில் அமர்ந்துகொண்டு அந்தப் பாடம் வேண்டாம் என்கின்றனர். இதைப் படிக்கும் சட்ட மாணவர் எவரேனும், ஐந்தாம் படிவ மாணவருக்கு விளங்கும் தமிழில் இவ்வழக்கை எழுதித் தருவீர்களா? என் வலைப்பூவில் இடம் தருகிறேன்.