மீனுக்கு ஏற்ற பொட்டலம் எது?



மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம், விரலால் அழுத்தியும் பார்க்கிறோம். பேரமும் உண்டு! ஆனால் எதில் சுற்றித் தருகிறார்கள் என்று பார்க்கிறோமோ? நல்ல மீன் கெடுவது பல வீடுகளில் கடைக்கும் அடுப்புக்கும் நடுவில்தான்.

செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். அச்சு மையில் ஈயம் போன்றவை இருக்கலாம்; ஈரம் பட்டால் அது மீனில் இறங்கும். உணவை அதில் சுற்றக் கூடாது என்று 2018-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்பு விதிகளே சொல்கின்றன. கறுப்புக் கேரி பையும் உணவுக்கு ஏற்றதல்ல. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடையும் இருக்கிறது.

பின்னே எதில் வாங்குவது? மூடி போட்ட எவர்சில்வர் தூக்கைக் கையோடு எடுத்துப் போங்கள். மீன்காரம்மாவிடம் கேட்டு இரண்டு கை ஐஸும் போட்டுக்கொள்ளுங்கள். அயிலை, சூரை, மத்தி இவற்றுக்கு ஐஸ் அவசியம். வெயிலில் கிடந்தால் இவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். சாப்பிட்டால் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் வரும். குழம்பை எத்தனை கொதிக்க வைத்தாலும் அது போகாது.

வீட்டுக்கு வந்ததும் சுத்தம் செய்து, மூடிய சம்படத்தில் ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே வைத்தால் மீன் தண்ணீர் குழந்தையின் பால், பழத்தில் சொட்டும். ஒன்றிரண்டு நாளில் சமைத்துவிடுங்கள். உப்பும் எலுமிச்சையும் தடவிய மீனை அலுமினியத் தாளில் சுற்றாதீர்கள். புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும்.

ஃபிரீஸரில் வைப்பதானால் மீனுக்கு எதிரி காற்று. காற்றுப் பட்ட துண்டு வறண்டு, வெளுத்து, நார் மாதிரி ஆகிவிடும். அதனால் நான் ஒரு வேளைக்கு வேண்டியதைத் தனித்தனியாகப் பிரித்து, உணவுக்கான கனத்த பிளாஸ்டிக் பையில் தட்டையாகப் பரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுவேன். பையில் கோப்பையும் முள்கரண்டியும் போட்ட சின்னம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இறாலை டப்பாவில் போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி உறைய வைக்கலாம். தண்ணீர் உறைந்தால் பெருகும். மேலே ஓர் அங்குலம் இடம் விடுங்கள். தேதி எழுதி ஒட்ட மறக்காதீர்கள். மைனஸ் 18 டிகிரியில் மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன் இரண்டு, மூன்று மாதம் நன்றாக இருக்கும். ஒற்றைக் கதவு ஃபிரிஜ்ஜின் ஐஸ் அறை அவ்வளவு குளிராது. ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவதே நல்லது.

கடையில் உறைந்த மீன் பாக்கெட் வாங்கும்போது, உள்ளே பனித்தூள் கொட்டிக் கிடந்தாலோ, துண்டுகள் ஒன்றாக ஒட்டிக் கட்டியாக இருந்தாலோ, ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கலாம். அதைத் தொடாதீர்கள். மற்ற சாமான்களை எல்லாம் வாங்கிய பிறகு, கடைசியாக மீனை எடுங்கள்.

இப்போது காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு ஒட்டிய பாக்கெட்டுகளும் வருகின்றன. பார்க்க நேர்த்தியாக இருக்கிறது, வறட்சியும் வராது. ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. காற்றில்லாத இடத்தில்தான் வளரும் பாட்டுலினம் என்ற கிருமி உண்டு. அதன் விஷம் நரம்பைத் தாக்கும், உயிருக்கே ஆபத்து. அதில் ஒரு வகை ஃபிரிஜ்ஜின் குளிரிலும் வளரும். உறைந்திருக்கும்வரை பயமில்லை; உருகும்போதுதான் கவனம் தேவை. எனவே பாக்கெட்டை வெட்டித் திறந்த பிறகே, ஒரு கிண்ணத்தில் வைத்து, ஃபிரிஜ்ஜுக்குள் உருக விடுங்கள். சமையல் மேடையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகவே கூடாது.

பொட்டலம் எத்தனை உசத்தியானாலும் குளிர்ச்சிக்கு ஈடாகாது. இந்த ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும்போது தூக்கை மறக்காதீர்கள், சரிதானே?