ரெண்டு கார்ப்பரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? மருமவனுக்கு நான் சொன்ன பதில்



சொர்ணவாரி நடவு முடிஞ்ச கையோட, இடுப்பு வலியில ரெண்டு நாளா திண்ணையே கதின்னு கிடந்தேன். ஞாயித்துக்கிழமை காலையில ஏரிக்கரை பக்கம் இருந்து ஒரு சத்தம். கட்டுத்தறியில படுத்திருந்த மாடு ரெண்டும் மிரண்டு எழுந்துடுச்சு. பாத்தா என் அக்கா மகன். ஆம்பூர்ல ஷூ கம்பெனியில வேலை பாக்கிறான். யார் வீட்டு ஷெட்டுலயோ துருப்பிடிச்சுக் கிடந்த ராஜ்தூத் 350 வண்டியை, சீட்டு எடுத்த பணத்துல வாங்கி, ஆம்பூர்ல இருந்து கலவை வரைக்கும் ஓட்டிக்கிட்டே வந்துட்டான்.

வந்தவன் தண்ணி கூட குடிக்கல. "மாமா, வலது பக்கம் சரியா இழுக்க மாட்டேங்குது. ரெண்டு கார்ப்பரேட்டரையும் கழட்டிப் போட்டுட்டு இன்ஜெக்‌ஷன் மாத்திடலாம்னு இருக்கேன். அம்மாவோட வளையலை வச்சா அறுபதாயிரம் கிடைக்கும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா குடுத்துடும்"னான்.

அந்த ரெண்டு வளையல் பத்தி எனக்குத் தெரியும். மச்சான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப எல்லா நகையும் போய், அக்கா கையில மிஞ்சினது அது ரெண்டுதான். அதனாலதான் இதை வெறும் வண்டிப் பேச்சா விட முடியல.

அந்த வண்டியைத் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1983-ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி யமஹாவோட சேர்ந்து இங்க கொண்டுவந்தது. 347 சிசி, டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு ஒண்ணுன்னு ரெண்டு கார்ப்பரேட்டர். ஜப்பான்ல வித்ததை விட பவரைக் குறைச்சுத்தான் இங்க வித்தாங்க. அப்படியும் பெட்ரோலை மொண்டு குடிக்கும். பத்து வருஷம் கூட தாக்குப்பிடிக்காம உற்பத்தி நின்னுபோச்சு. அப்ப வாங்க ஆளில்ல, இப்ப லட்சக்கணக்குல விலை சொல்றாங்க.

மருமவன் போன்ல படமும் காட்டினான். அமெரிக்காவுல 1932 மாடல் ஃபோர்டு காரோட மேல் மூடியெல்லாம் கழட்டிட்டு, இன்ஜின் தலைமேல மூணு கார்ப்பரேட்டரை வரிசையா வச்சு ஓட்டுறாங்க. ஹாட் ராட்னு பேராம். அங்கயும் இதே சண்டைதானாம். கார்ப்பரேட்டரே போதும்னு ஒரு கூட்டம், இன்ஜெக்‌ஷன்தான் சரின்னு இன்னொரு கூட்டம்.

நான் மெக்கானிக் இல்ல. பத்தாவது வரைக்கும் படிச்சவன். ஆனா முப்பது வருஷமா மண்ணெண்ணெய் பம்ப் இன்ஜின், மருந்தடிக்கற ஸ்பிரேயர், மொபெட்டுன்னு கார்ப்பரேட்டரோட மல்லுக்கட்டியே வந்தவன். தெரிஞ்சதை சொல்றேன்.

கார்ப்பரேட்டர்ல மூளை எதுவும் கிடையாது. நடுவுல குறுகலா ஒரு குழாய். காத்து அந்த இடத்துல வேகமா போகும்போது, கீழ கிண்ணத்துல இருக்கற பெட்ரோலை ஜெட் வழியா உறிஞ்சிக்கிட்டுப் போகும். அவ்வளவுதான். ரெண்டு கார்ப்பரேட்டர் வச்சா, அது ஒரு நுகத்துல ரெண்டு மாடு பூட்டின மாதிரி. ரெண்டும் ஒரே அளவுல மூச்சு விடணும். ஒண்ணோட ஸ்லைடு ஒரு நூல் முன்னாடி எழுந்தாலும் ஒரு சிலிண்டரே பாரத்தை எல்லாம் இழுக்கும். பெட்ரோல் கம்மியா போற பக்கம் சூடேறும். டூ ஸ்ட்ரோக்ல அப்படி சூடேறினா பிஸ்டன் பிடிச்சுக்கும். வேகமா போறப்ப பிடிச்சா சக்கரம் அப்படியே நிக்கும், ஆள் தப்பிக்கறது கஷ்டம்.

இன்ஜெக்‌ஷன்ல டேங்குக்குள்ள ஒரு பம்ப், பெட்ரோலைப் பீச்ச ஒரு ஊசிமூக்கு, எவ்வளவு பீச்சணும்னு கணக்குப் போட ஒரு சின்ன கம்ப்யூட்டர். காத்து எவ்வளவு, சூடு எவ்வளவு, புகையில ஆக்சிஜன் எவ்வளவுன்னு சென்சார் சொல்லச் சொல்ல அது அளந்து விடும். மார்கழிப் பனியில சோக் இழுக்க வேண்டியதில்ல. பெட்ரோல் மிச்சம், புகை கம்மி. இதை யாரும் மறுக்க முடியாது.

கம்பெனிக்காரங்களே இதுல முன்ன பின்ன போனதுண்டு. பஜாஜ் 2007-ல பல்சர் 220 வண்டியை இன்ஜெக்‌ஷனோட கொண்டுவந்தாங்க. 2009-ல அதே 220-ஐ கார்ப்பரேட்டரோட கம்மி விலைக்கு விட்டாங்க. அப்புறம் முடிவு கம்பெனி கையிலயும் இல்ல. 2020 ஏப்ரல் 1-க்கு அப்புறம் பிஎஸ் 6 வண்டி மட்டும்தான் விக்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2018-லயே சொல்லிட்டது. அதுக்கப்புறம் நம்ம ஊர்ல மூட்டை சுமக்கற எக்ஸ்எல் வரைக்கும் இன்ஜெக்‌ஷன் வந்துடுச்சு. ட்ராக்டர்லயும் 50 எச்.பி.க்கு மேல இருக்கறதுக்கு 2023 ஜனவரியில இருந்து புது விதி.

டீக்கடையில நம்ம வயசுக்காரங்க "எல்லாம் கம்பெனிக்காரன் சம்பாதிக்க"ன்னு பேசுவாங்க. நானும் பேசினவன்தான். ஆனா நாம இருக்கறது எந்த ஜில்லா? தோல் ஷாப்பு தண்ணி பாலாத்துல கலந்து, ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் கிணறெல்லாம் கெட்டுப்போனதைக் கண்ணால பாத்தவங்க நாம. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம், கெடுத்தவன்தான் செலவு பண்ணிச் சரி பண்ணணும்னு தீர்ப்பு குடுத்தது. அந்தத் தீர்ப்பை நல்லதுன்னு சொல்ற நாம, நம்ம வண்டிப் புகைக்கு மட்டும் விதி வேணாம்னு சொன்னா அது நியாயமா? அதனால தினமும் பொழப்புக்கு ஓடற புது வண்டிக்கு இன்ஜெக்‌ஷன்தான் சரி. இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

என் சண்டை வேற இடத்துல. போன வருஷம் என் இன்ஜெக்‌ஷன் மொபெட் விடியக்காலையில கிளம்பல. பால் கேனைக் கட்டியாச்சு, சொசைட்டியில நேரம் ஆகுது. நம்ம மெக்கானிக் பாய் வந்து பாத்தாரு. இருபத்தஞ்சு வருஷமா என் வண்டிக்கெல்லாம் கை வைக்கறவர். "அண்ணே, இதுக்கு ஸ்கேனர் வேணும், எங்கிட்ட இல்ல"ன்னு கையை விரிச்சுட்டாரு. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கல. குட்டி யானையில ஏத்தி ஆற்காடு கொண்டுபோனேன். கடைசியில பாத்தா, மல்லாட்டை மூட்டை பக்கத்துல நிறுத்தி வச்ச வண்டியில எலி ஒரு ஒயரைக் கடிச்சிருக்கு. ஒயருக்கு எழுபது ரூபா. வண்டி வாடகை, ரெண்டு வேளை பால், ஒரு நாள் வேலை எல்லாம் சேத்தா ரெண்டாயிரத்துக்கு மேல போச்சு. கார்ப்பரேட்டர் வண்டியா இருந்தா கழட்டி, பெட்ரோல்ல கழுவி, ஜெட்டை வாயால ஊதி மாட்டியிருப்பாரு. எலி கடிச்ச ஒயரை மாட்டறது அதை விடச் சுலபம். எந்த ஒயர்னு காட்டற கருவி மட்டும்தான் அவர் கையில இல்ல.

ஆக, என் கருத்து இதுதான். எது உசத்தின்னு பாக்கறதுக்கு முன்னாடி, வழியில நின்னுபோனா கை வைக்க நமக்கு எட்டின தூரத்துல யார் இருக்காங்கன்னு பாக்கணும்.

இப்ப மருமவன் வண்டிக்கு வர்றேன். நாப்பது வருஷத்து டூ ஸ்ட்ரோக்குக்குன்னு கம்பெனி செஞ்ச இன்ஜெக்‌ஷன் கிடையாது. அங்க ஒண்ணு இங்க ஒண்ணா வாங்கி ஒட்டணும். பம்பும் கம்ப்யூட்டரும் ஓட நிலையான கரண்ட் வேணும், பழைய ஒயரிங், சார்ஜிங் ரெண்டையும் மாத்தணும். எந்த வேகத்துல எவ்வளவு பெட்ரோல்னு ஒவ்வொண்ணா எழுதி ஏத்தணும். அதைச் செஞ்ச ஆள் ஊரை விட்டுப் போனா, அப்புறம் யாருக்கும் புரியாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவுப்படி கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தவும் கூடாது. இதுக்கு ஒரு பொம்பளையோட கடைசி வளையலா?

ஒரு விஷயத்துல அவன் சொன்னது நியாயம்தான். இப்ப பங்க்ல போடற பெட்ரோல்ல 20 சதம் எத்தனால். நம்ம கரும்புல இருந்தும் அதை எடுக்கறாங்க, விவசாயியா எனக்கு அதுல சந்தோஷம்தான். ஆனா எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும், அதே ஜெட்டுல கலவை வறண்டு போகும். இன்ஜெக்‌ஷன்ல சென்சார் பாத்து சரிக்கட்டிக்கும். கார்ப்பரேட்டர் தானா சரிக்கட்டாது, நாமதான் ரப்பரை மாத்தணும், ஜெட்டை ஒரு அளவு பெருசு போடணும், ஓட்டாம நிறுத்தினா கிண்ணத்தைக் காலி பண்ணணும்.

சாயங்காலம் பாய் கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். முதல்ல பிளக்கை ரெண்டையும் கழட்டினாரு. இடது பக்கம் காபிப்பொடி நிறம். வலது பக்கம் வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு. கார்ப்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கற ரப்பரை விரல்ல மடக்கிக் காட்டினாரு, முடி மாதிரி வெடிப்பு. அது வழியா வெளிக்காத்து உள்ள போயிருக்கு. கார்ப்பரேட்டர் மேல தப்பே இல்ல. ஆம்பூர்ல இருந்து அந்த ரப்பரோட வேகமா வந்திருந்தா பிஸ்டன் பிடிச்சிருக்கும்னு பாய் சொன்னதும், மருமவன் சத்தமே போடல. நானும்தான்.

ரப்பர் ரெண்டு, கேபிள் ஒண்ணு, ஸ்லைடு ரெண்டையும் சமமா வச்சதுக்குக் கூலி, எல்லாம் சேத்து 1,400 ரூபா. வளையல் அக்கா கையிலயே இருக்கு.

கடைசியா ஒண்ணு. பழுதுபாக்கும் உரிமைன்னு மத்திய அரசு 2022 டிசம்பர்ல ஒரு இணையதளம் திறந்தது. அதுல விவசாயக் கருவி, வண்டி ரெண்டும் உண்டு. நல்லதுதான். ஆனா கலவை மாதிரி ஊர்ல இருக்கற மெக்கானிக் கையில ஸ்கேனரும், அதைப் படிக்கற பயிற்சியும் வந்து சேரணும். ஐடிஐ-யில வாரத்துல ஒரு நாள் இந்த மாதிரி பழைய மெக்கானிக்குகளுக்கு வகுப்பு வச்சா என்ன குறைஞ்சுடும்? நம்ம உழவர் குழுவுல பணம் போட்டு ஒரு ஸ்கேனர் வாங்கி பாய் கடையில வைக்கலாம்னு அடுத்த கூட்டத்துல கேக்கப் போறேன். நாலு மொபெட்டை ஆற்காட்டுக்கு ஏத்திப் போற செலவு, அதுலயே மிச்சமாகும்.

உங்க ஊர்ல இது எப்படி நடக்குது? யாராவது இப்படி சேர்ந்து வாங்கியிருந்தா சொல்லுங்க, கூட்டத்துல பேச எனக்கு உதவும்.