எடை வகுப்புக்காகப் பிள்ளையைக் காயப் போடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளைப் பவர்லிஃப்டிங் பயிற்சிக்கு அனுப்புகிறவர்கள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

சொல்ல வந்தது இதுதான். பிள்ளையின் எடையைப் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வகுப்பை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்காகப் பிள்ளையின் எடையை இறக்கக் கூடாது.

நம் பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் இப்போது பளு தூக்கும் படங்கள் நிறைய வருகின்றன. பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று பேசிய வீடுகளிலிருந்தே இன்று பெண்கள் நூறு கிலோவை முதுகில் சுமந்து உட்கார்ந்து எழுகிறார்கள். ஆனால் போன வாரம் ஒரு வீடியோ வந்தது. 16 வயதுப் பெண், இந்த வெயிலில், ஸ்வெட்டருக்கு மேல் ரெயின்கோட் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் ஓடுகிறாள். மேலே "டெடிகேஷன்" என்று எழுதியிருந்தது, கீழே வரிசையாக ஹார்ட்டின் குறிகள். விசாரித்தேன். பிள்ளை 60 கிலோ, பெயர் கொடுத்திருப்பது 57 கிலோ வகுப்பில். மூன்று நாளாக உப்பில்லாச் சாப்பாடு, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து தண்ணீர் இல்லை. தவறு என்று எழுதினேன். "டீச்சர், இது ஸ்போர்ட்ஸ், உங்களுக்குப் புரியாது" என்று பதில் வந்தது. யார் என்று சொல்லப் போவதில்லை. அவர் ஒருவர் மட்டும் இதைச் செய்யவில்லை.

எனக்குப் பளு தூக்கத் தெரியாது, உண்மைதான். ஆசிரியர் பயிற்சி முடித்து 34 வருஷம் வகுப்பறையில் நின்றவள். ஆனால் விதிப் புத்தகம் படிக்கத் தெரியும், கணக்குப் போடத் தெரியும். இன்னொன்றும் தெரியும். வருஷா வருஷம் பிள்ளைகளை உயரம் அளந்து, எடை போட்டுப் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். ஜூனில் 24 கிலோ இருந்தவன் ஜனவரியில் 26 என்றால் எங்களுக்கு அது நல்ல செய்தி. பிள்ளைகள் எடை கூட வேண்டும் என்றுதானே 1982-ல் சத்துணவே வந்தது? அந்தப் பள்ளிகளில் படித்தவர்களே இன்று தங்கள் பிள்ளைக்குச் சோற்றை நிறுத்துவதைப் பெருமையாகப் படம் எடுத்துப் போடுகிறீர்கள்.

முதலில் விதியைப் பார்ப்போம். சர்வதேச பவர்லிஃப்டிங் சம்மேளனத்தின் பெண்கள் வகுப்புகள் 47, 52, 57, 63, 69, 76, 84, அதற்கு மேல். ஆண்களுக்கு 59, 66, 74, 83, 93, 105, 120, அதற்கு மேல். 23 வயது வரையுள்ளவர்களுக்குக் கூடுதலாகப் பெண்களில் 43, ஆண்களில் 53. போட்டி தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் எடை பார்க்கத் தொடங்குவார்கள், அது ஒன்றரை மணி நேரம் நடக்கும். அதாவது எடை பார்த்த பிறகு தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, உடம்பைத் தேற்றிக்கொள்ளப் பிள்ளைக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம், கடைசியில் நின்றால் அரை மணி. முந்தின நாளே எடை பார்த்துவிடும் சண்டைப் போட்டிகளின் யூடியூப் வித்தைகளை இங்கே கொண்டுவராதீர்கள்.

இப்போது கணக்கு. ஒரு பெண் 60 கிலோ. பயிற்சியில் ஸ்குவாட் 100, பெஞ்ச் பிரஸ் 50, டெட்லிஃப்ட் 120, மொத்தம் 270 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கிலோ இறக்கினால் அவள் உடம்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு போகிறது. நாலு நாளில் அவ்வளவு கொழுப்பு கரையாது. போவது பெரும்பாலும் தண்ணீர். ரத்தம் குறுகி, தசை வாடி, தலை சுற்றி மேடைக்கு வருகிறாள். ஸ்குவாட்டில் 7.5, பெஞ்சில் 2.5, டெட்லிஃப்டில் 10 குறைந்தால்கூட மொத்தம் 250. உடம்பில் மூன்று கிலோவை விட்டு, கம்பியில் இருபது கிலோவைத் தொலைத்தாயிற்று. ஏதாவது ஒரு லிஃப்டில் மூன்று வாய்ப்பும் தவறினால் மொத்தக் கணக்கே கிடையாது. பக்கத்தில் யார் நிற்கிறாள்? இயல்பாகவே 56 கிலோ இருப்பவள், காலையில் நாலு இட்லி சாப்பிட்டு வந்தவள். இந்த வியாபாரத்தில் லாபம் யாருக்கு?

"கீழ் வகுப்பில் ஆள் குறைவு, மெடல் நிச்சயம்" என்பார்கள். சில மாவட்டப் போட்டிகளில் ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். ஸ்போர்ட்ஸ் கோட்டா, காலேஜ் சீட் என்று பெற்றோர் மனதில் ஓடும் கணக்கும் தெரியும். அதைக் கேவலமாக நினைக்கவில்லை, கஷ்டப்படும் குடும்பத்துக்கு அது பெரிய வாசல். ஆனால் ஆளில்லாத வகுப்பில் வாங்கிய மெடல் மாநிலப் போட்டியில் தாங்காது. அங்கே வகுப்பு நிறைய ஆள் இருக்கும்.

"உலக சாம்பியன்களே எடை இறக்குகிறார்களே" என்பது அடுத்த வாதம். சரி, வினேஷ் போகாட்டைப் பார்ப்போம். மல்யுத்தத்தில் பல வருஷம் 53 கிலோவில் விளையாடியவர். அந்த இடம் வேறொருவருக்குப் போனதால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோவில் இறங்கினார். முதல் நாள் மூன்று போட்டிகளிலும் வென்று இறுதிக்குப் போனார். ராத்திரி முழுக்கத் தூங்காமல் வியர்வை வெளியேற்றி, தலைமுடியைக்கூட வெட்டினார்கள். மறுநாள் காலை 100 கிராம் அதிகம். தகுதி நீக்கம், கடைசி இடம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்கள் மகளுக்கு 63 கிலோ வகுப்பு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறதே, அப்புறம் எதற்கு இந்தப் பாடு? இத்தனைக்கும் வினேஷைச் சுற்றி மருத்துவர்கள் இருந்தார்கள். உங்கள் மொட்டை மாடியில் யார் இருக்கிறார்கள்? 1997 கடைசியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், எடை இறக்குவதற்காக ரப்பர் உடை போட்டுச் சூட்டில் உடற்பயிற்சி செய்து, ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே அந்த முறைகளைத் தடை செய்தார்கள்.

இன்னொரு பெயர் சொல்கிறேன். கர்ணம் மல்லேஸ்வரி. அது ஒலிம்பிக் பளுதூக்குதல், பவர்லிஃப்டிங் இல்லை. ஆனால் எடை வகுப்புப் பிரச்சினை ஒன்றுதான். 1994, 1995-ல் 54 கிலோ பிரிவில் உலக சாம்பியன். 1998 ஆசிய விளையாட்டில் 63 கிலோவில் வெள்ளி. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 69 கிலோவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம், ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண். சாம்பியன் பட்டம் வாங்கிய 54-லேயே இருந்தாக வேண்டும் என்று அவரைக் கட்டி வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? ஆறாம் வகுப்பில் முதல் மார்க் வாங்கினான் என்பதற்காக ஏழாம் வகுப்புக்கு அனுப்பாமல் பிடித்து வைப்போமா?

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாதவிலக்கை ஒட்டி உடம்பில் தண்ணீர் தங்கி ஒரு கிலோ ஏறுவது பலருக்கும் சகஜம். அதைக் கொழுப்பு என்று நினைத்துச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். மாதக்கணக்கில் சத்தில்லாமல் பயிற்சி செய்தால் மாதவிலக்கே நின்றுபோகும், எலும்பு பலமிழக்கும். எலும்பு ஊறும் வயதில் அதைக் கெடுத்துவிட்டு மெடலை எங்கே மாட்டப் போகிறோம்?

இதைவிட மோசமானது மாத்திரை. சில இடங்களில் பேதி மாத்திரையும் நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். நீர் மாத்திரை உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருக்கிறது. சோதனையில் பிடிபட்டால் தடை விழுவது பிள்ளைக்கு. மாத்திரையை நீட்டிய பெரியவர் அன்று பக்கத்தில்கூட நிற்க மாட்டார்.

எந்த வகுப்பு என்று எப்படி முடிவு செய்வது? இரண்டு வாரம், தினமும் காலையில் வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். கூட்டிச் சராசரி எடுங்கள். அந்த எடை எந்த வகுப்புக்குள் வருகிறதோ அதுதான் பிள்ளையின் வகுப்பு. முதல் போட்டி என்றால் எடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 63 வகுப்பில் 60 கிலோவோடு நிற்பதில் ஒரு அவமானமும் இல்லை. அதற்காக உடனே 63 ஆக வேண்டும் என்று வாயில் திணிக்கவும் வேண்டாம். சோறு, பருப்பு, முட்டை, தூக்கம், பயிற்சி, ஒன்றிரண்டு வருஷம். உடம்பு தானாக நிரம்பும்.

வளர்ந்தவர்கள், உண்மையிலேயே கொழுப்பு அதிகம் உள்ளவர்கள் குறைக்க நினைத்தால் அது வேறு விஷயம். வாரத்துக்கு அரைக் கிலோ, மாதக்கணக்கில், கம்பியில் தூக்கும் எடை குறையாமல் செய்யட்டும். அது அவர்கள் உடம்பு, அவர்கள் முடிவு. 15 வயதுப் பிள்ளைக்கு அந்த முடிவு எடுக்கும் வயதில்லை. "மாட்டேன்" என்று கோச்சிடமும் அப்பாவிடமும் சொல்லும் தைரியமும் இருக்காது. அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னிடம் படித்து இன்று பயிற்சியாளராக இருக்கும் தம்பிகளே, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. சம்பளம் பெரிதாக இல்லாமல் விடியற்காலையில் ஜிம்மைத் திறக்கிறீர்கள். ஆனால் சுவரில் தொங்கும் மெடல்களை எண்ணி உங்களை மதிப்பிட மாட்டேன். 14 வயதில் உங்களிடம் வந்த பிள்ளை 24 வயதிலும் பளு தூக்குகிறதா என்றுதான் பார்ப்பேன்.

இனி மெடல் படம் அனுப்பினால் கட்டாயம் வாழ்த்துவேன். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்பேன்: முந்தின நாள் ராத்திரி பிள்ளை என்ன சாப்பிட்டது? பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு படத்தை அனுப்புங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் இங்கேயே கமெண்டில் எழுதுங்கள். எல்லாரும் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்