ரொக்கட் லீக்: அடுத்தவன்ட கெமராவால விளையாட ஏலாது

இஷாவுக்குப் பிறகு அட்டாளைச்சேனையில நாங்க நாலைஞ்சு பேர் கூடினா ரொக்கட் லீக்தான். காரால பந்தை முட்டி கோல் போடுற விளையாட்டு. 2015இல் வந்தாலும், 2020 செப்டம்பரில் இலவசமாக்கின பிறகுதான் எங்கட செட்டுக்குள்ள வந்தது.

ஒரு பிழையை ஒத்துக்கொள்ளணும். புதுசா வந்த ஒரு தம்பிக்கு முதல் நாளே, "ப்ரோ பிளேயர்மார்ட கெமரா செட்டிங்கப் போடு" என்று நாங்களே மாத்திக் கொடுத்தோம். பார்வைக்கோணம் 110, அதாவது ஆகக் கூடினது. அந்தப் பிளேயர் மொனிட்டருக்குக் கிட்ட இருந்து விளையாடுறவர். நாங்களோ சின்ன டீவியை ஹோலின் மறுகரையில இருந்து பார்க்கிறவங்க. கோணம் விரிய விரிய பந்து சின்னதாகும். கண்ணாடி போட்ட அவனுக்குப் பந்தே தெரியல்ல. தலை சுத்துது என்றான், நாங்க சிரிச்சோம். ரெண்டு கிழமை அவன் வரவேயில்ல.

இப்ப எங்கட கருத்து இதுதான். கெமரா ஆடுறதை மட்டும் யாராக இருந்தாலும் முதல்ல நிப்பாட்டுங்க. அதால ஒரு பிரயோசனமுமில்ல. கோணத்தை 90இல் தொடங்கி, பந்து தெளிவாத் தெரியுமட்டும் கூட்டுங்க. தூரம் 100 முதல் 400 வரைக்கும் வைக்கலாம். கிட்ட வைச்சா பந்தைத் தொடுறது லேசு, ஆனா பக்கத்துல வாறவனைக் காணமாட்டீங்க. ஸ்டிஃப்னஸைக் குறைச்சா, வேகமெடுக்கக்குள்ள கெமரா பின்னுக்குப் போகும். அது பிடிக்காட்டி கூட்டுங்க.

உண்மையில தோக்கிறது இந்த நம்பர்களாலயும் இல்ல. பந்துக் கெமராவை ஓஃப் பண்ணாததாலதான். அது ஓனில் இருந்தா திரை எப்பவும் பந்தைத்தான் பார்க்கும், கார் எங்க போகுதென்று தெரியாது. கடற்கரையில சின்னப்பிள்ளையள் பந்து விளையாடுறதைப் பார்த்திருப்பீங்க, கோல்கீப்பரும் பந்துக்குப் பின்னால ஓடுவான். அதே கதைதான். மூலையில பூஸ்ட் எடுக்கப் போறீங்களா, பந்தைக் காரின்ட தலையில வைச்சு உருட்டுறீங்களா, உடனே ஓஃப் பண்ணுங்க. அலுவல் முடிஞ்சதும் திரும்பப் போடுங்க. கீபோர்ட்டில ஸ்பேஸ் பட்டன்தான்.

அந்தத் தம்பி திரும்ப வந்துட்டான். கோணத்தை அவனே குறைச்சு வைச்சிருக்கான், எவ்வளவென்று நாங்க கேட்கல்ல. அவன்ட கணக்கில விளையாடுற ஆக்கள் தயவுசெய்து செட்டிங்கில கை வைக்காதீங்க.