கரண்ட் போய் வந்த பிறகு மோட்டர் என்ன செய்யும்?



பாடசாலைக் கண்காட்சிகளில் பிள்ளைகள் செய்து வைக்கும் தானியங்கித் தண்ணீர் மோட்டரைப் பார்த்திருப்பீர்கள். தாங்கி வெறுமையானால் ஓடும், நிரம்பினால் நிற்கும். ஆசிரியர்கள் நாங்களும் கைதட்டிப் புள்ளி போட்டுவிடுகிறோம். அப்படிப் புள்ளி போடுவது பிழை என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

அந்தச் சுற்று ஒரு நிலைப்பொறி. நிறுத்தம், காத்திருப்பு, ஓட்டம், தாங்கி நிரம்பியது, கிணறு வற்றியது என ஐந்து நிலைகள் என்று வையுங்கள். இப்போது எந்த நிலை என்பதை நினைவில் வைக்க மூன்று பிளிப் பிளொப் வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து எட்டுச் சேர்க்கைகள். ஐந்துக்குப் பெயர் வைத்தோம். மிச்சம் மூன்று? "அவை வராது, கவலையில்லை" என்று சொல்லிக் கார்னோ வரைபடத்தைச் சுருக்கப் பழக்குகிறோம். படலைகளின் எண்ணிக்கை குறையும், விடை அழகாக வரும். ஆனால் அந்த மூன்றில் ஒன்றில் மோட்டருக்குப் போகும் வெளியீடு 1 ஆக இருக்கலாம். அங்கிருந்து வெளியேற வழியே இல்லாமலும் போகலாம்.

வராது என்று எப்படிச் சொல்வது? கரண்ட் வரும்போது பிளிப் பிளொப் 0 இல் எழும்புமா 1 இல் எழும்புமா என்று நிச்சயமில்லை. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டதாம், நாடே இருண்டது. கரண்ட் இருக்கும்போதும் பிட் புரளலாம். 2003 இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் நடந்த தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 வாக்குகள் கூடுதலாகக் காட்டின. 4096 என்பது இரண்டின் 12 ஆம் அடுக்கு, அதாவது ஒரேயொரு பிட் புரண்டால் கூடுகிற தொகை.

எங்கள் ஊரில் இது மோட்டர் எரிகிற செலவோடு முடியாது. குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கீழே உப்புத்தண்ணீர், அதன் மேல் மிதக்கிற நல்ல தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். நிற்காத மோட்டர் அளவுக்கு மிஞ்சி இழுத்தால் உப்பு மேலே ஏறும். மோட்டரை நிற்பாட்டிவிடலாம், ஏறிய உப்பு இலேசில் இறங்காது. பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்துதான் கெடும்.

வழி பெரிய வித்தையில்லை. கரண்ட் வந்ததும் பொறியை "நிறுத்தம்" என்ற நிலைக்குக் கொண்டுபோகும் ரீசெட் வேண்டும். பெயரில்லாத மூன்று நிலைகளிலும் மோட்டர் நிற்க வேண்டும், அடுத்த துடிப்பில் "நிறுத்தம்" நிலைக்கு வர வேண்டும். தாங்கியின் மிதவை எங்கள் கடிகாரத் துடிப்பைப் பார்த்து அசைவதில்லை. துடிப்பு விழும் அதே கணத்தில் அது மாறினால் ஒரு பிளிப் பிளொப் பழையதையும் மற்றது புதியதையும் எடுத்துக்கொள்ளும், பொறி தவறான நிலைக்குப் பாயும். அதனால் அந்தச் சமிக்ஞையை முதலில் வரிசையாக இரண்டு பிளிப் பிளொப்புகளுக்குள் விட்டு எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் சில படலைகள் கூடும். கூடட்டும்.

எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த கண்காட்சியில் நடுவர்களும் பெற்றோரும் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். திரும்பக் கொழுவுங்கள். பத்துத் தரம் செய்யுங்கள். பத்துத் தரமும் ஒழுங்காக எழும்பினால் அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளி. எழும்பாவிட்டால் பிள்ளையை ஏசாதீர்கள். "கவலையில்லை" என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான்.