வாலிகண்டபுரத்தில் தோற்றது எந்த மதம்?

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்குச் சற்று முன்னால், பஸ் ஜன்னலில் ரஞ்சன்குடி கோட்டை தெரியும். ஆற்காட்டு நவாப்புக்குக் கீழிருந்த ஒரு ஜாகீர்தார் 17ஆம் நூற்றாண்டில் கட்டியது என்கிறது தொல்லியல் துறை. உள்ளே ஒரு பள்ளிவாசலும் உண்டு. இதைப் பார்த்ததும் இரண்டு வகை ஆட்களுக்கு வாய் திறந்துகொள்ளும். "இங்கேயும் வந்து ஆக்கிரமிச்சிருக்கானுங்க பாரு" என்பார் ஒருத்தர். "அப்பவே நாங்க ஆண்ட மண்ணு" என்பார் இன்னொருத்தர்.

இருவரும் சண்டைக்காரர்கள் போலத் தெரிந்தாலும் சொல்வது ஒரே பொய்தான். கோட்டைக்காரனின் மதம்தான் கோட்டையின் மதம், அவன் போட்ட போரெல்லாம் மதப்போர் என்ற பொய்.

அந்தக் கோட்டைக்குப் பக்கத்திலேயே, வேப்பந்தட்டை தாலுகாவில் இருக்கிறது வாலிகண்டபுரம். 1670களில் அங்கே பீஜப்பூர் சுல்தானின் ஆளுநராக இருந்தவர் ஷேர்கான் லோடி. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு இடம் கொடுத்து உட்கார வைத்தவர் இவர்தான். (ஒரு முஸ்லிம் ஆளுநர் கிறிஸ்தவ வியாபாரிகளுக்குக் கொடுத்த இடம்!) இவருடைய பெரிய தலைவலி யார் தெரியுமா? செஞ்சியில் இருந்த நாசிர் முகமது. அவரும் பீஜப்பூர் அதிகாரிதான், அவரும் முஸ்லிம்தான். 1677ல் ஷேர்கானை முறியடித்தது சிவாஜி. ஆஹா, இந்து வென்றான் என்று துள்ள வேண்டாம். அந்தப் படையெடுப்புக்குப் பணமும் பீரங்கியும் கொடுத்துத் துணை நின்றது கோல்கொண்டாவின் குதுப் ஷாஹி சுல்தான். பத்தே வருஷத்தில், 1686ல் பீஜப்பூரையும் 1687ல் கோல்கொண்டாவையும் விழுங்கியது அவுரங்கசீப். இதில் எங்கே இருக்கிறது இஸ்லாம்?

1751ல் அதே வாலிகண்டபுரத்தில் மறுபடி போர். ஒரு பக்கம் சந்தா சாகிப், கூடவே பிரெஞ்சுப் படை. எதிரில் முகமது அலி, கூடவே ஆங்கிலேயப் படை. கோட்டைத் தலைவரோ எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று பார்த்து இருபுறமும் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அடி வாங்கிய ஆங்கிலேயர்கள் திருச்சிப் பக்கம் ஓடினார்கள். மறு வருஷம் சரணடைந்த சந்தா சாகிப்பின் தலையை வெட்டியது தஞ்சை மராட்டியப் படை. அந்தத் தஞ்சை அரசர், முகமது அலியின் கூட்டாளி. அதாவது ஒரு முஸ்லிம் நவாப் பட்டத்தில் அமர, இன்னொரு முஸ்லிமின் தலையை ஓர் இந்து தளபதி எடுத்துக் கொடுக்கிறார்!

உடனே "அப்போ மாலிக் காபூர்? மதுரை சுல்தான்?" என்று வருவார்கள். நியாயமான கேள்வி. 1311ல் நடந்தது கொள்ளைதான், மதுரை சுல்தான்கள் செய்தது கொடுமைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மதுரைக் கொடுமைகளை எழுதி வைத்தவர் யார்? இப்னு பதூதா. இஸ்லாமியச் சட்டம் படித்த காஜி. போதாததற்கு சுல்தான் கியாசுத்தீனுக்குச் சகலை. பெண்களையும் குழந்தைகளையும் சுல்தான் கொன்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இப்படி ஒரு அக்கிரமத்தை எந்த அரசனும் செய்து கேட்டதில்லை, அதனால்தான் இறைவன் அவனைச் சீக்கிரம் கொண்டுபோனான் என்று எழுதினார். சகலை என்றும் பார்க்கவில்லை, சுல்தான் என்றும் பார்க்கவில்லை. அவருடைய அளவுகோல் மார்க்கம். அந்த அளவுகோலில் சுல்தான் தேறவில்லை.

மார்க்கம் இங்கே வந்த வழியே வேறு. திருச்சி கோட்டை ரயில் நிலையம் பக்கத்திலுள்ள சிறிய பள்ளிவாசலின் கல்வெட்டு ஹிஜ்ரி 116 என்கிறது, அதாவது கி.பி. 734. மாலிக் காபூர் வருவதற்கு ஏறக்குறைய 600 வருஷம் முன்னால். காயல்பட்டினமும் கீழக்கரையும் கப்பல் வியாபாரத்தில் வளர்ந்த ஊர்கள். கலிமா, ஐந்து வேளைத் தொழுகை, நோன்பு, சேமிப்பில் இரண்டரை சதவீதம் ஜகாத், வசதி இருந்தால் ஹஜ். இந்த ஐந்து கடமைகளில் நாடு பிடிப்பது எங்கேயாவது இருக்கிறதா?

"நாங்க ஆண்ட மண்ணு" கோஷ்டிக்கும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இதே தாலுகாவின் வி.களத்தூரில் கோயில் ஊர்வலங்கள் 2011 வரை எல்லாத் தெருக்களிலும் அமைதியாகப் போய் வந்தன. 2012ல் இருந்து முஸ்லிம்கள் அதிகம் வாழும் தெருக்களில் எதிர்ப்பு கிளம்பியது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், தெரு எல்லாருக்கும் பொது, ஒரு பகுதியில் ஒரு மதத்தவர் அதிகம் என்பதால் மற்றவர் ஊர்வலத்தைத் தடுக்க முடியாது என்று 2021ல் தீர்ப்பு வந்தது. இதைச் சொல்ல நீதிமன்றம்தான் வேண்டுமா? அவரவர் வழிபாடு அவரவருக்கு என்று சொல்ல குர்ஆனில் 109ஆவது அத்தியாயம் ஏற்கனவே இருக்கிறதே. எண்ணிக்கை அதிகமுள்ள இடத்தில் அதட்டிப் பார்ப்பது நவாப்பின் பழக்கம், நபியின் வழியல்ல.

அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு "பார்த்தீங்களா இவங்க புத்தியை" என்று கிளம்பியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாட்டின் மற்ற ஊர்களில் இந்துக்கள் அதிகமுள்ள தெருவில் முஸ்லிமுக்கு வாடகை வீடு மறுக்கிறார்களே, அங்கேயும் இந்தத் தீர்ப்பின் நியாயம் செல்லும். அதே வாயால் அதையும் சொல்லுங்கள், கேட்கலாம்.