இசைத்தட்டுக்கு நாம் அழவில்லை

எழுபதுகளின் ஈழத்துப் பொப்பிசை என்றால் நம் எல்லோருக்கும் முகம் மலர்கிறது. திருமண மண்டபத்தில் ‘சின்ன மாமியே’ ஒலித்தால் எழுபது வயதுக்காரரும் கதிரையை விட்டு எழும்புகிறார். பெல்பொட்டமும் காதை மூடிய முடியும் அகலக் கொலரும் உடனே பேச்சுக்கு வந்துவிடும். ஆனால் அந்தப் பாடல்களுக்குக் கிற்றார் வாசித்தவர்கள் யார், எந்தக் கூடத்தில் பதிவு செய்தார்கள், முதல் பதிப்பு இசைத்தட்டுகள் இன்று யாரிடம் இருக்கின்றன என்று கேட்டால், பதில் சொல்லக்கூடியவர்கள் நம்மில் மிகச் சிலர். அந்த இசையை நாம் நேசித்தோம், பேணவில்லை. இதை நாமே சொல்லியாக வேண்டும்.

நாம் கைவிட்டது சிறிய விடயமல்ல. அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து நித்தி கனகரத்தினம் ஊர்ப் பேச்சையே பாட்டாக்கினார். ஏ.ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யோடு தமிழர், சிங்களவர் இரு தரப்பாரின் மேடைகளையும் தன்வசப்படுத்தினார். திருகோணமலையிலிருந்து எம்.பி. பரமேஸ், எம்.பி. கோணேஸ் சகோதரர்கள் வந்தார்கள். எஸ். இராமச்சந்திரன், ஸ்ரனி சிவானந்தன், அமுதன் அண்ணாமலை என்று ஒரு வரிசையே இருந்தது. சினிமாவின் தயவு இல்லாமல், கதாநாயகனின் வாயசைப்பு இல்லாமல், தமிழில் ஒரு வெகுசன இசை தன் காலில் நின்றது. தமிழ்நாட்டில் திரையிசையே எல்லாமுமாக இருந்த காலத்தில் இது நடந்தது. ‘சுராங்கனி’யைத் திரைப்படம்தான் தேடிப் போனது. 1977இல் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதைப் பயன்படுத்தினார்.

அப்படியிருந்தும் அதை இசை என்று நாம் ஏற்கவில்லை. கர்நாடக இசை படித்த பிள்ளைக்கு அரங்கேற்றம் வைத்தோம். கிற்றார் எடுத்த பிள்ளையைப் படிப்பைக் கெடுத்துக்கொள்கிறான் என்று கடிந்தோம். பொப்பிசைக்குத் தாளம் தந்த பைலாவை அந்நியக் கூத்து என்று ஒதுக்கினோம். போர்த்துக்கேயர் காலத்தில் வேர்கொண்டு, கடலோர மக்களிடம் நூற்றாண்டுகள் வளர்ந்த அந்த ஆறெட்டுத் தாளம் அந்நியம் என்றால், மட்டக்களப்பில் நம் அயலில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசி வாழ்ந்த பறங்கியரும் அந்நியரா? அவர்களுடைய வயலினையும் ஆட்டத்தையும் நாம் கேட்கப் போகவே இல்லை. பொப்பிசையின் மூலத்தை அறிந்துகொள்ளும் வாய்ப்பு அடுத்த தெருவில் இருந்தும் தவறவிட்டோம்.

அதே எழுபதுகளின் இலக்கியத்தை நாம் எப்படிக் காத்தோம் என்று பார்த்தால் குற்றம் இன்னும் துலங்கும். தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் எழுத்துக்கு வந்த எழுச்சியைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறோம். ‘மல்லிகை’ என்ற இலக்கியச் சஞ்சிகையின் இதழ்களைத் தேடிச் சேர்த்தோம். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத் திட்டத்தின் உழைப்பால் அவற்றை இன்று எங்கிருந்தும் வாசிக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், நினைவுகூரத்தான் வேண்டும். ஆனால் வீடுகளோடு எரிந்த இசைத்தட்டுகளுக்கு நாம் அழவில்லை. அச்சில் வந்தால்தான் வரலாறு என்ற எண்ணம் நமக்குள் அவ்வளவு ஊறியிருந்தது.

உடையைப் பற்றிய நினைவும் இப்படித்தான். இறக்குமதி முடங்கி, துணிக்குத் தட்டுப்பாடு நிலவிய ஆண்டுகளில் கால்புறம் அகன்ற காற்சட்டை தைத்துப் போடுவது சாதாரண காரியமல்ல. கிடைத்த துணியில் அந்த அகலத்தை எப்படி எடுத்தார்கள், எதைப் பார்த்து அளவு வெட்டினார்கள் என்று ஊர்த் தையற்காரரிடம் நாம் கேட்டு வைக்கவில்லை. ஸ்ரூடியோக்காரர் எடுத்த படங்களின் நெகற்றிவ்கள் கடை மூடியபோது குப்பைக்குப் போயின. மகளின் பாவாடை ஏறியதற்கும் மகனின் முடி இறங்கியதற்கும் வீட்டில் நடந்த சண்டைகளைப் பகிடியாகச் சொல்கிறோம். அந்த இளைஞர்கள் உடையால் என்ன சொல்ல வந்தார்கள் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

எல்லாவற்றையும் போரின் தலையில் போட்டுத் தப்பிவிடுகிறோம். 1977, 1983 இனக்கலவரங்களில் எரிந்தவை உண்மை. 1995இல் கையில் அகப்பட்டதோடு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்ததும் உண்மை. ஆனால் மின்சாரமும் பற்றரியும் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட சனம் நாம். கேட்க வேண்டும் என்றபோது வழி கண்டுபிடித்தோம். காக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பரிசுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு குண்டும் விழவில்லை, காசும் இருந்தது. அங்கேயும் கசெற்றிலிருந்து கசெற்றுக்குப் படியெடுத்தோமே ஒழிய, உறையில் பாடலாசிரியரின் பெயரையோ வாத்தியக்காரரின் பெயரையோ எழுதவில்லை.

பாடகர்களையும் அப்படியே நடத்தினோம். மனோகரன் மேடையேறினால் ‘சுராங்கனி’ பாடச் சொல்லிக் கூவினோம். புதிதாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. 2018 ஜனவரியில் அவர் சென்னையில் காலமானபோது அஞ்சலிகள் குவிந்தன. அவர் பாடிய எல்லாவற்றின் ஒழுங்கான பட்டியலை அவர் இருக்கும்போதே அவரோடு அமர்ந்து தயாரித்திருக்க வேண்டியவர்கள் நாம்.

அந்தக் காலத்து ஏக்கம் நமக்கு வசதியாக இருந்தது. அது நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆடிவிட்டு வீட்டுக்குப் போக விட்டது. அன்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி நம் இளமையின் மேல் நாம் வைத்த அன்புதான்.

பரிகாரத்துக்கு இன்னும் சிறிது காலம் இருக்கிறது. அந்தக் குழுக்களில் வாசித்தவர்கள், பாட்டெழுதியவர்கள், மேடை கட்டியவர்கள் பலர் எழுபதைக் கடந்தும் நம்மிடையே இருக்கிறார்கள். சிங்களவரும் முஸ்லிம்களும் பறங்கியரும் அவர்களில் உண்டு. அவர்களின் குரலைப் பதிவு செய்யவேண்டும். அலுமாரிக்கு மேலே கிடக்கும் தட்டையும் நாடாவையும் முறையாக எண்ணிமப்படுத்தி, பெயர்களோடு பொதுவில் வைக்கவேண்டும். பல்கலைக்கழக இசைத்துறைகள் இதை ஆய்வுப் பொருளாக எடுக்கவேண்டும். ஊர்ச் சங்கங்கள் அடுத்த ஒன்றுகூடலின் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கவேண்டும். இவற்றில் எதற்கும் அரசின் அனுமதி தேவையில்லை. நாம் தொடங்கினால் போதும்.